உட்காரும் இடம் மட்டும் தோல்

நான் பேசிய முதல் வார்த்தையையே அக்கா நம்பவில்லை.

"பக்கத்துக் கடையை எடுத்திருக்கேன்க்கா. பிளவுஸ், சுடிதார் தைக்கேன்" என்று சொன்னேன். அக்கா என் இடது கையைப் பிடித்துத் திருப்பினாள். ஆள்காட்டி விரல் நுனியில் ஊசி ஏறிய வடுக்களைப் பார்த்த பிறகுதான், "சரி, தைக்கிற கைதான்" என்று விட்டாள். அடுத்து, என் தோளில் கிடந்த கைப்பையை அவளாகவே எடுத்துக்கொண்டாள். கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள். வாரின் ஓரத்தை நகத்தால் நெம்பினாள். மோந்தாள்.

"யாரு கொடுத்தது?"

"எங்கண்ணன் மெட்ராஸ்ல இருந்து வாங்கிட்டு வந்தான். ஒரிஜினல் லெதர்."

"ஒங்கண்ணன் ஒன்னைய ஏமாத்துனானா, கடைக்காரன் ஒங்கண்ணனை ஏமாத்துனானான்னு எனக்குத் தெரியாது. இது ரெக்ஸின்."

பையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டாள். அன்றைக்கு எனக்கு வந்த கோபத்தில், வேறு கடை கிடைக்குமா என்றுகூட யோசித்தேன். முன்பணம் கொடுத்தாகிவிட்டது, அதனால் தங்கினேன்.

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகிற ரோட்டில், ஒரு சுவரைப் பங்கு போட்டுக்கொண்ட இரண்டு கடைகள் எங்களுடையவை. என் பக்கம் பிளவுஸ் மிஷின் படபடக்கும். அந்தப் பக்கம் அக்காவின் பெரிய மிஷின் கடகடவென்று சுவரையே உலுக்கும். கார் சீட், சோபா, டாக்டர்கள் உட்காரும் சுழல் நாற்காலி எல்லாம் அவளிடம் வரும். போர்டில் 'சீட் ஒர்க்ஸ்' என்று மட்டும் எழுதியிருக்கும். ஊரில் அவளுக்குப் பேர் சீட்டுக்கார அக்கா. வெளியூர் ஆட்கள் வந்து, "மாசச் சீட்டா, ஏலச் சீட்டா?" என்று கேட்பார்கள். "உக்கார்ற சீட்டு" என்பாள், தலையை நிமிர்த்தாமல்.

சின்ன வயதில் ஆம்பூர்ப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் அக்கா வேலை பார்த்திருக்கிறாள். விரித்துப் போட்ட தோலில் எங்கே குறை இருக்கிறது என்று பார்த்து சாக்பீஸால் வட்டம் போடுவதுதான் வேலை. உண்ணி கடித்த புள்ளி, முள்கம்பி கிழித்து ஆறிய கோடு, சூடு போட்ட தழும்பு. காலையிலிருந்து சாயங்காலம் வரை குறை ஒன்றையே தேடிய கண். வேலையை விட்டு ஊருக்கு வந்த பிறகும் அந்தக் கண் மாறவில்லை.

தோலைக் கண்டுபிடிக்க ஊரில் ஆளுக்கொரு வழி வைத்திருந்தார்கள். அக்காவுக்கு ஒன்றின் மேலும் நம்பிக்கை கிடையாது. ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் தோல் உறிஞ்சிவிடும் என்பார்கள். "மேல சாயம் பூசியிருந்தா தோல்லயும் தண்ணி இறங்காது" என்பாள். வாசனையை வைத்துச் சொல்லிவிடலாம் என்பார்கள். "வாசனையை இப்ப பாட்டில்ல விக்கான்." தீக்குச்சியைக் கொளுத்திப் பார்க்கலாமா என்று ஒரு கார் ஓனர் கேட்டபோது, "ஒங்க சட்டை பருத்தியா பாலியஸ்டரான்னு நான் கொளுத்திப் பாக்கட்டா?" என்று திருப்பிக் கேட்டாள்.

அவள் பார்ப்பது அடிப்பக்கத்தையும் வெட்டிய ஓரத்தையும். அடியில் துணி தெரிந்தால் ரெக்ஸின். பஞ்சு மாதிரி நார் எழும்பி நின்றால் தோல். அதற்குப் பிறகு, மேலே உள்ள சுருக்கங்களைச் சாய்ந்த வெளிச்சத்தில் வெகுநேரம் பார்ப்பாள். ஒரே மாதிரி சுருக்கம் திரும்பத் திரும்ப வந்தால் அது அச்சில் வந்தது. கழிவுத் தோலை அரைத்துத் தூளாக்கி ஒட்டுகிற ஒரு வகை உண்டு, அதன் மேல்தான் அவளுக்குத் தீராத கோபம். "அதுவும் தோலுன்னுதான் எழுதியிருப்பான். பொய்யுன்னும் சொல்ல முடியாது. ரெண்டு கோடையில உதிர்ந்துரும்."

வீடுகளில் பளபளப்புக்காக சோபாவில் தேங்காய் எண்ணெய் தடவுவார்கள். அது நாளாக ஆகச் சிக்குப் பிடித்து நாறும். அப்படி ஒரு சோபா வந்தால் அதைக் கொண்டுவந்தவர்களிடம் அக்கா, "எண்ணெய் போட்டீகளா?" என்று கேட்பாள். இல்லவே இல்லை என்பார்கள். அக்கா வெள்ளைத் துணியால் ஒரு இழுப்பு இழுத்து அவர்கள் மூக்குக்கு நேரே நீட்டுவாள். "காஞ்ச துணியால தூசி தட்டுங்க. பொறவு லேசா ஈரத்துணி. வெயில் விழுற ஜன்னல் பக்கம் போடாதீக. வேற ஒண்ணும் வேண்டாம்." சொல்லிவிட்டு, "செய்ய மாட்டீக" என்றும் சேர்த்துக்கொள்வாள்.

மனுஷர்களிடமும் இதே கதைதான். வேலைக்கு வருகிற சோபாவைத் தொடுவதற்கு முன்னால், உட்காரும் மெத்தைக்கும் முதுகுக்கும் நடுவில் உள்ள இடுக்கில் சொந்தக்காரரைக் கைவிட்டுத் துழாவச் சொல்வாள். சீப்பு, சில்லறை, ஒருமுறை ஒரு தோடுகூட வந்தது. "இப்பவே எடுத்துக்கிடுங்க. பொறவு என்கிட்ட வந்து கேக்கக் கூடாது." கிழிசல் எங்கெங்கே இருக்கிறது என்று அவர்களையே விரல் வைக்கச் சொல்லி போனில் படம் எடுத்துக்கொள்வாள். தன்னை எல்லோரும் சந்தேகப்படுவார்கள் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை.

அக்கா மேல் எனக்கும் ஒரு சந்தேகம் இருந்தது. அவள் வீட்டுக்காரர் துபாயில் இருப்பதாக என்னிடம் சொல்லியிருந்தாள். டீக்கடைக்காரரிடம், லாரி ஆக்சிடென்டில் இறந்துவிட்டதாகச் சொல்லியிருக்கிறாள். வாடகை வாங்க வருகிறவரிடம், பட்டாளத்தில் இருப்பதாக. மூன்றையும் ஒரே முகத்தோடு சொன்னாள். ஊரார் சொல்வதையெல்லாம் பொய் என்கிறவள் இப்படி ஆளுக்கொன்று சொன்னால் என்ன நினைப்பது?

இந்த நிலையில்தான் ஸ்ரீவில்லிபுத்தூர் சோபா வந்தது.

ஆண்டாள் கோயிலை ஒட்டிய தெருவில் ஒரு வீட்டு மருமகள் எனக்கு நெடுநாள் வாடிக்கை. அவள் சொல்லித்தான் அந்தத் தெருவில் பாதிப் பேர் என்னிடம் பிளவுஸ் தைக்கிறார்கள். அவள் கணவர் பெங்களூரில் வேலை. இவள் மாமனார், மாமியாரோடு ஊரில் இருந்தாள். மாமிக்கு முழங்கால் வலி, தரையில் உட்கார்ந்தால் எழ முடியாது. அதற்காக மகன் ஒரு பெரிய சோபா வாங்கி அனுப்பியிருந்தார். அதைப் பூனை பிறாண்டிவிட்டது, தைக்க ஆள் தெரியுமா என்று மருமகள் போனில் கேட்டாள். நான் அக்காவைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினேன்.

வழியிலேயே சொல்லிவைத்தேன். "அந்த வீட்டுப் பெரியவரு கோயில்ல கைங்கரியம் பண்றவரு. தோல் செருப்பு, பெல்ட்டு எதுவும் வீட்டுக்குள்ள வரக் கூடாது. பாத்துப் பேசுங்கக்கா."

"அப்ப அந்த சோபாவை யாரு பாத்து வாங்குனது?" என்றாள்.

மாமி எங்கள் இருவருக்கும் பேப்பர் கப்பில் தண்ணீர் கொடுத்தார். உள்ளே எவர்சில்வர் டம்ளர்கள் அடுக்கியிருந்ததை அக்கா பார்த்தாள். கப்பை ஒரு ஓரமாக வைத்துவிட்டு சோபாவின் முன்னால் உட்கார்ந்தாள். பூனை கிழித்த இடத்தை விரலால் விரித்து டார்ச் அடித்தாள். எழுந்து சோபாவின் பின்புறம் போனாள். கைப்பிடியைத் தொட்டாள். மறுபடி கிழிசலுக்கு வந்தாள். அவள் முகத்தைப் பார்த்ததும் மருமகளுக்குப் புரிந்துவிட்டது. குனிந்து காதருகில், "எதுவா இருந்தாலும் ரெக்ஸின்னு சொல்லிடுங்கோ, ப்ளீஸ்" என்றாள். எனக்குக் கேட்டது.

பெரியவர் அந்த நேரம் பார்த்து உள்ளேயிருந்து வந்தார்.

"தைச்சுடலாமோ?"

"தைக்கலாம் சாமி."

"ரெக்ஸின்தானே? இங்கே கொண்டுவந்து எறக்கறச்சே கடைக்காரன் பின்னாடி பிரிச்சுக் காட்டினான். உள்ளே துணி ஒட்டியிருந்தது."

அக்கா அவர் முகத்தையே பார்த்தாள். "முதுகும் பக்கமும் ரெக்ஸின். அவன் காட்டுனது நெசந்தான். உக்கார்ற இடமும் கை வைக்கிற இடமும் மாட்டுத்தோலு."

"நன்னாப் பார்த்துச் சொல்லுங்கோ."

"பாத்துட்டுத்தான் சாமி சொல்லுதேன்."

அவர் சத்தம் போடவில்லை. தன் உள்ளங்கைகளைத் திருப்பிப் பார்த்தார். "இதுல ஒக்காந்துண்டுதான் தினம் பாராயணம் பண்ணிண்டிருந்தேன்" என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. நேரே கொல்லைப்பக்கம் போனார். தலையில் தண்ணீர் ஊற்றிக்கொள்ளும் சத்தம் கேட்டது. ஈர வேட்டியோடு வாசற்படியில் நின்று, "இதை எங்கேயாவது எடுத்துண்டு போயிடுங்கோ. இந்த ஆத்துல இருக்கப்படாது" என்றார்.

அக்கா போனை எடுத்தாள். "நீங்களா வேண்டாம்னு கொடுக்கீக. நான் கேக்கல. அதை ஒருக்கா இதுல சொல்லிருங்க." அந்த நிலையிலும் அவரைச் சொல்லவைத்து வீடியோ எடுத்தாள். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல இருந்தது. சோபா ஒரு குட்டியானை வண்டியில் ஏறியது. மருமகள் என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்கவில்லை.

திரும்பும்போது நான் அடக்க முடியாமல் கேட்டேன். "ஒரு வார்த்தை ரெக்ஸின்னு சொன்னா ஒங்களுக்கு என்னக்கா குறைஞ்சு போகுது?"

"அவரு கேட்டாருல்ல, ஏட்டி."

"கேட்டா?"

"கேக்காம இருந்தா நானும் வாயைத் தொறந்திருக்க மாட்டேன். நேரா மூஞ்சியப் பாத்துக் கேட்டுட்டாரு."

"ஒங்க வீட்டுக்காரரைப் பத்தி நேரா கேட்டா மட்டும் ஆளுக்கொண்ணு சொல்லுதீகளே?"

அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "அது தொழில் இல்ல" என்றாள்.

மறுநாளே பேச்சு கிளம்பிவிட்டது. டீக்கடையில் எல்லோர் வாயிலும் இதுதான். "தோலே இல்லாததைத் தோலுன்னு சொல்லி அம்புட்டுப் பெரிய சோபாவை ஓசியில அமுக்கிட்டாளாம்." ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வருகிற பிளவுஸ்கள் நின்றுபோயின. கூட்டிக்கொண்டு போனவள் நான் அல்லவா, எனக்கும் பங்கு உண்டு என்று பேசிக்கொண்டார்களாம். அக்கா அன்றிலிருந்து கடை ஷட்டரைப் பாதி இறக்கியே வைத்திருந்தாள். வழக்கமாக ஒரு வேலை வந்தால் என்னைக் கூப்பிட்டுக் காட்டுவாள். இந்தச் சோபாவை மட்டும் காட்டவில்லை. குனிந்து எட்டிப் பார்த்தேன். பிளாஸ்டிக் ஷீட்டால் மூடி, கயிறு கட்டி, மூலையில் தள்ளிவைத்திருந்தாள்.

நல்ல விலைக்கு ஆள் பார்க்கிறாள் என்று நினைத்தேன். அவள் பார்த்தாள், அவள் சொன்னாள், எங்களில் யாருக்கு என்ன தெரியும்? கிழிசலுக்குள் டார்ச் அடித்தவள் அவள் ஒருத்திதான். புருஷனை மூன்று விதமாகச் சொல்கிறவள் சோபாவை ஒரு விதம் மாற்றிச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்?

ஒரு நாள் காலையில் கடை வாசலில் கார் வந்து நின்றது. மருமகள் இறங்கினாள், பெரியவர் இறங்கினார், கூடவே கழுத்தில் அடையாள அட்டை தொங்க ஒரு இளைஞன். சோபா விற்ற கடையின் ஆள். மருமகள் என்னையும் வெளியே கூப்பிட்டாள். "நீங்களும் வாங்கோ. கடைக்காராளே சொல்லட்டும்."

அந்த ஆள் ரோட்டில் போகிறவர்களுக்கும் கேட்கிற மாதிரி, "முழுக்க ரெக்ஸின்தாங்க. இந்தம்மா ஏதோ சொல்லிக் குழப்பிவிட்டிருக்கு" என்றான்.

அக்கா ஷட்டரை முழுதாக ஏற்றினாள். "கயிறை நீங்களே அவுத்துருங்க தம்பி" என்றாள். அவன் அவிழ்த்தான். பூனை கிழித்த கிழிசல்கூட அப்படியே கிடந்தது. அக்கா பெரியவர் பக்கம் திரும்பினாள். "நீங்க கொடுத்த அன்னைக்குக் கட்டுனது சாமி. தேடி வருவீகன்னு தெரியும். அதான் கை வைக்கல."

பிறகு தையல் பிரிக்கிற கத்தியை அந்த இளைஞனிடம் நீட்டினாள். "உக்கார்ற மெத்தையில அடித்தையலை நீயே பிரி. நான் பிரிச்சா மாத்தி வச்சேன்னு சொல்வ."

அவன் கத்தியை வாங்கவில்லை. "எதுக்குங்க, பாத்தாலே தெரியுதே" என்றான். பெரியவர், "பிரிங்கோ" என்றார். அவன் வாங்கி ஒரு சாண் அளவுக்குப் பிரித்தான். அக்கா ஓரத்தை மடித்துக் காட்டச் சொன்னாள். அடியில் துணி இல்லை. சாம்பல் நிறத்தில் பொசுபொசுவென்று நார். எனக்கே தெரிந்தது. பெரியவர் கிட்டே போய்க் குனிந்து பார்த்தார், தொடவில்லை.

"என்னப்பா இது?"

இளைஞனுக்கு வியர்த்துவிட்டது. "சார், என்னைய மட்டும் சொல்லாதீங்க. வாங்குறப்பவே சொன்னோம், உட்காரும் இடம் மட்டும் தோல்னு. பரவால்ல, அப்பாகிட்ட பின்பக்கத்தை மட்டும் காட்டுங்கன்னு உங்க மகன்தான் சார் சொன்னாரு. நேத்தும் அவரு போன் பண்ணிச் சொல்லித்தான் நான் வந்தேன்."

மருமகள் தலையைக் குனிந்துகொண்டாள். அவளுக்கு முன்பே தெரியுமா, அந்த நேரம்தான் தெரிந்ததா என்று என்னால் சொல்ல முடியவில்லை. பெரியவர் அவளை ஒரு கேள்வி கேட்கவில்லை. காரில் ஏறாமல் பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்தார். அக்கா அவரைக் கொஞ்ச தூரம் வரை பார்த்துக்கொண்டு நின்றாள். ஜெயித்த முகம் இல்லை அது.

பெரியவர் மகனோடு பேச்சை நிறுத்திவிட்டார் என்று பிறகு தெரிந்தது. அதை வந்து சொன்னவர் மாமியே. ஒருநாள் தனியாக பஸ்ஸில் வந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு என் கடை ஸ்டூலில் உட்கார்ந்தார். அக்காவைக் கூப்பிடச் சொன்னார்.

"உன் மேல எனக்குக் கோபம் இல்லைடி அம்மா. எம்புள்ளை, அம்மாவுக்கு மெத்துனு இருக்கட்டும்னு செஞ்சான். அவர் அவருக்குப் பட்டதைச் சொல்றார். நான் இப்போ பிளாஸ்டிக் நாற்காலில ஒக்காந்திண்டிருக்கேன். யார்கிட்ட போய்ச் சொல்ல?"

அக்கா ஆறுதலாக ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தேன். அவள் என் மேஜையில் கிடந்த இஞ்சி டேப்பை எடுத்து, தரையிலிருந்து மாமியின் முழங்கால் வரை அளந்தாள். "எந்திரிங்க. உக்காருங்க. எந்த உயரத்துல வலி கம்மியா இருக்கு?" என்று ஸ்டூலின் மேல் என் துணிகளை அடுக்கி அடுக்கி உட்காரவைத்துப் பார்த்தாள். மாமி போன பிறகு எதற்கு என்று கேட்டேன். "எதுக்குக் கேக்க?" என்றாள்.

மறுபடி ஷட்டர் பாதி இறங்கியது. இந்தமுறை மிஷின் சத்தம் சுவரை உலுக்கியது.

ஒரு வாரம் போல ஆகியிருக்கும். "வா, போவோம்" என்று என்னைக் குட்டியானையில் முன்னால் ஏற்றினாள். பின்னால் சோபா. தோல், ரெக்ஸின் இரண்டையும் உரித்தெறிந்துவிட்டு, ராஜபாளையம் மில்லில் நெய்த கெட்டியான பருத்தித் துணியால் முழுக்கப் போர்த்தியிருந்தாள். உட்காரும் இடத்தை உயர்த்தி, எழும்போது ஊன்றிக்கொள்ளக் கைப்பிடியை அகலமாக்கியிருந்தாள். வண்டியிலிருந்து இறக்கியதும் மாமி வாசலுக்கு வந்துவிட்டார். பெரியவர் கைநீட்டித் தடுத்தார்.

"மேல துணி சரி. உள்ளே?"

"இதுக்குத்தான் ஒரு பக்கம் தைக்காம வச்சிருக்கேன்" என்றாள் அக்கா.

அவர் கையை முழங்கை வரை உள்ளே விட்டுத் துழாவினார். பஞ்சை எடுத்து மோந்தார். சோபாவைச் சாய்க்கச் சொல்லி அடியில் பார்த்தார். கைப்பிடிக்குள் என்ன இருக்கிறது என்று கேட்டு, அதையும் பிரிக்கச் சொன்னார். மாமி, "போதும், விடுங்கோ" என்று கெஞ்சினார். அவர் கேட்கவில்லை. எனக்குக் கோபமாக வந்தது. அக்காவுக்கு வரவில்லை. அவர் காட்டிய தையலையெல்லாம் பொறுமையாகப் பிரித்துப் பிரித்துக் காட்டினாள். கடைசியில் அவர், "சரி" என்றார். வாசலிலேயே உட்கார்ந்து வளைந்த ஊசியால் எல்லாவற்றையும் கையாலேயே தைத்து முடித்தாள். மாமி மெல்ல உட்கார்ந்தார். கைப்பிடியை ஊன்றித் தானாக எழுந்தார். மறுபடியும் உட்கார்ந்தார்.

பெரியவர் அப்போதும் அதில் உட்காரவில்லை. "அவ ஒக்காரட்டும்" என்று மட்டும் சொன்னார். மகனோடு அவர் பேச இன்னும் நாள் ஆகுமென்று மருமகள் என் காதில் சொன்னாள். அடுத்த வாரத்திலிருந்து பிளவுஸ்கள் வர ஆரம்பித்தன.

அக்கா அந்தக் கடையை அதற்குப் பிறகு அதிக காலம் நடத்தவில்லை. மகள் வீட்டோடு போகிறேன் என்றாள். மகள் இருப்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். எந்த ஊர் என்று என்னிடம் ஓசூர் என்றாள். டீக்கடைக்காரரிடம் திருப்பூர் என்றிருக்கிறாள்.

போன வருடம் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் எதிர்பாராமல் அவளைப் பார்த்தேன். மகாராஜபுரத்துக்கு ஒரு விசேஷத்துக்குப் போய்க்கொண்டிருந்தாள். தலை வெளுத்திருந்தது. என் சேலையைத் தொட்டுப் பார்த்து, "பட்டுன்னு சொல்லிக் கொடுத்தானாக்கும்" என்றாள். இருவரும் சிரித்தோம். மாமி இன்னும் அந்தச் சோபாவில்தான் உட்காருகிறார் என்று சொன்னேன். தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள்.

அவள் பஸ் வந்துவிட்டது. வெகுகாலம் எனக்குள் அரித்துக்கொண்டிருந்ததை அப்போது கேட்டேவிட்டேன்.

"அக்கா, உரிச்ச தோலு அம்புட்டும் என்ன ஆச்சு? மாட்டுத்தோலுன்னு நீங்களே சொன்னீக. உங்க கடையில ஒரு துண்டுகூட நான் பாக்கலியே?"

அக்கா படியில் ஒரு கால் வைத்தபடி திரும்பினாள். என் முகத்தை மேலும் கீழும் பார்த்தாள். அவ்வளவு சந்தோஷமாக அவளை நான் பார்த்ததே இல்லை.

"கேளு, கேளு. இப்பத்தான் ஒனக்கும் அந்தக் கண்ணு வந்திருக்கு. நல்லாக் கேளு" என்றாள். பஸ் நகர்ந்துவிட்டது.